வராத வயிற்றுவலி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். இங்கே நான் நலம். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இன்னும் மாடிப்படியோடு மல்லுக்கு நிற்கிறாரா?

பயப்பட ஒன்றுமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று மாதமாக எனக்கு விலக்கு வரவில்லை. அதற்கு முன் வந்ததும் பேருக்குத்தான். நீ நினைப்பது இல்லை. நாள் முழுக்கச் சட்டைக்குக் காலர் தைப்பவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? ஆனால் விடுதி அறையிலும் உன்னைப் போலவே நினைப்பார்கள். அதனால் மாதாமாதம் மேல்கட்டில் அக்காவிடம் வெந்நீர்ப் பையை இரவல் வாங்கி, சுருண்டு படுத்துக்கொள்கிறேன்.

"பாவம்டி, உனக்குத்தான் இப்படிப் பாடாப் படுத்துது" என்று போன வாரம் தலையைத் தடவினாள். அப்போது வந்த அழுகை மட்டும் நடிப்பில்லை.

நேற்று டாக்டரம்மாவிடம் போனேன். கர்ப்பமில்லை என்றார்கள், எனக்குத் தெரிந்த செய்திதான். "ரத்த டெஸ்ட் எடுக்கணும்மா. உங்க வீட்ல யாருக்காச்சும் சின்ன வயசுலயே நின்னுபோச்சா?" என்றார்கள். நம் வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மாரடைப்பு என்று மூன்று தலைமுறைக்குச் சொல்வேன். இது தெரியவில்லை. சித்திக்குக் குழந்தை இல்லாததற்கு அவள் திமிர்தான் காரணம் என்று பேசிக்கொண்டோமே, அவளிடம் மெதுவாகக் கேள். அப்பாவுக்குத் தெரியவேண்டாம்.

முடிந்தால் ஒரு வெந்நீர்ப் பை வாங்கி அனுப்பு. இரவல் பையை வைத்துப் பொய் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. எனக்கு நிஜமாகவே வயிறு வலிக்கவேண்டும் என்று வேண்டிக்கொள், அம்மா. மற்றபடி ஒரு குறையுமில்லை.

உன் மகள்