நாகேந்திரன் படத்தை அழிச்சது நான்தான்

இரணியல்,
வைகாசி 12, திங்கள்.

மகன் வினோஜுக்கு,

அம்மா எழுதுகேன் மக்கா. நானும் அப்பாவும் சுகமா இருக்கோம், அப்பாவுக்குச் சர்க்கரை இப்பம் கொஞ்சம் அடங்கிக் கெடக்கு, மஸ்கட்டு வெயில்ல உனக்குத் தலைவலி காய்ச்சல் ஒண்ணும் வராம இருக்கணும்னு விளக்கு ஏத்தும்போது தினமும் நினைக்குகேன். போன்ல சொல்ல வேண்டியதைத்தான் தாள்ல எழுதுகேன், நீதான் என்னை பிளாக் பண்ணிப்போட்டியே, பெத்தவளை பிளாக் பண்ணின பெரிய தேசபக்தன். சிலுவைதாசன் லீவு முடிஞ்சு அங்க வருகான், அவன் கையில ஏத்தங்கா சிப்ஸோட இதையும் குடுத்துவிடுகேன், சிப்ஸைத் தின்னுட்டுக் கடிதத்தைக் கிழிச்சிராதே, முழுசும் வாசி.

நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப்பை ஒக்கி புயல் அடிச்ச வருஷம் தொடங்கினது நானாக்கும், எந்த ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு, யார் வீட்டுல குடிக்கத் தண்ணி இல்லைன்னு சொல்லத்தான். ஒரு அட்மின் பத்தாதுன்னு உரக்கடை பொன்னுலிங்கத்தைச் சேக்கச் சொன்னது நீ. எல்லையில சண்டை தொடங்கின அன்னைக்கே அந்த மனுஷன் தளபதி ஆகிப்போட்டாரு. யூரியா மூட்டைமேல இருந்துக்கிட்டு அடுத்த குண்டை எந்த ஊர்ல போடணும்னு வாய்ஸ் மெசேஜ் விட்டாரு. எதிரி விமானம் எரிஞ்சு விழுதுன்னு ஒரு வீடியோ போட்டாரு, அது கம்ப்யூட்டர் விளையாட்டுன்னு அவர் மக நந்தனாவே கீழ எழுதினா, மக எழுதினதை அழிச்சாரே தவிர வீடியோவை அழிக்கல்ல. அதுக்கு நீ ஆறு கொடி போட்டிருந்தே. ஏசி ரூம்ல இருந்து கொடி போட ஒரு விரல் போதும் பாத்துக்கோ.

அதுக்கிடையில உனக்குக் கணக்கு சொல்லித்தந்த ஜாஸ்பர் சார் ஒரே ஒரு வரி எழுதினாரு, ரெண்டு பக்கமும் சாகுதது யாரோ பெத்த பிள்ளைகள், சண்டை சீக்கிரம் நிக்கட்டும்னு. அஞ்சு நிமிஷத்துல அவர் துரோகி, பத்தாவது நிமிஷம் பொன்னுலிங்கம் அவரை நீக்கியாச்சு. அவர் வீட்டுக்கு எந்த வழியாப் போகணும், வாசல்ல என்ன மரம் நிக்குன்னு ஒருத்தன் எழுதினான், அதை யாரும் நீக்கல்ல. நானும் நீக்கல்ல. என் கையிலயும் அதே அதிகாரம் இருந்துது, என் தையக்கடைக்கு வாறவங்க முகம் சுளிப்பாவளோன்னு பயந்து ரெண்டு நாளு போனைக் கவுத்து வச்சிருந்தேன். உன்னைப் பழிக்கதுக்கு முந்தி என்னைப் பழிச்சாச்சு, அதையும் தெரிஞ்சுக்கோ.

மூணாம் நாள்தான் உன் கூத்து. அடுத்த வீட்டு உலகம்மை மகன் நாகேந்திரன், உன்கூட ஒரே பெஞ்சுல இருந்தவன், பட்டாளத்துல இருந்து லீவுல வந்தவனைப் பாதியில திரும்பக் கூப்பிட்டாவ இல்லியா. நான் உயிரோட இருக்கேன் அம்மான்னு காட்ட ஒரு படம் அனுப்பியிருக்கான், பின்னால ஊர்ப் பலகை தெரியுது. கூடப்படிச்ச பிள்ளையில்லா, பாத்துச் சந்தோஷப்படட்டும்னு அந்தப் பாவி அதை உனக்கு அனுப்பினா. நீ என்ன செய்தே? படைப்பிரிவு பேரையும் ஊர்ப் பேரையும் எழுதி, எங்க ஊர் சிங்கம் ரெடின்னு குரூப்புல போட்டே. அரைமணி நேரத்துல அது துபாய் சுத்தித் திரும்ப வந்துது. நாகேந்திரன் அம்மையைக் கூப்பிட்டு, யாருக்குக் குடுத்தே, ஆபீசர் கேக்காரு, முதல்ல அதை எடுக்கச் சொல்லுன்னு சொல்லி முடிக்கதுக்குள்ள லைன் போச்சு. உலகம்மை தலையில எண்ணெய் வழிய கடைக்கு ஓடி வந்தா, போனைத் தையல் மிஷின்மேல போட்டா. நான் அழிச்சேன். நீ திரும்பப் போட்டே. திரும்ப அழிச்சேன். மூணாவது தடவை போட்டு, அட்மின் என் பேச்சுரிமையைப் பறிக்காங்க, பெத்த அம்மாவானாலும் தேசத்துக்குக் குறுக்க நிக்கப்படாதுன்னு எழுதினே. உலகம்மை என் பக்கத்துல நின்னு அதை எழுத்துக்கூட்டி வாசிச்சா. ஏலே, எனக்கு அந்த நேரம் பூமி பிளந்து என்னை விழுங்கினா கொள்ளாம்னு இருந்துது. அப்பம்தான் அதையும் அழிச்சு உன்னை நீக்கினேன்.

ஜாஸ்பர் சார் பேசலாம், நான் பேசக்கூடாதான்னு சிலுவைதாசன்கிட்ட கேட்டுவிட்டியாமே. அவர் சொன்னது அவர் மனசு, பிடிக்காதவன் திருப்பிச் சொல்லட்டும், ஏசட்டும், அதை நான் தொடமாட்டேன். சண்டை வேணும்னு நீ எழுதினதுலயும் ஒரு எழுத்தை நான் அழிக்கல்ல, அசிங்கமா அப்படியே கெடக்கு. ஆனா இன்னொருத்தி பிள்ளை எந்த இடத்துல நிக்கான்னு ஊருக்குச் சொல்லுதது உன் கருத்தா மக்கா? படிச்சவன்தானே நீ.

உன்னை நீக்கின கையோட உரக்கடைக்குப் போய், நாலு பேர் கேக்க, சாரைத் திரும்பச் சேக்கப்போறேன்னு பொன்னுலிங்கத்துக்கிட்ட சொன்னேன். குரூப் மானம் போவும்னாரு. நான் சேத்தேன், அவர் நீக்கினாரு, இப்படியே நாலு தடவை. பிறகு என்னையே நீக்கப் பாத்தாரு, தொடங்கினவளை நீக்க முடியாதுன்னு போனே அவருக்குச் சொல்லிப்போட்டுது. அவர் அட்மின் பதவியை எடுத்தேன், சார் வீட்டு வழி எழுதினதையும் அழிச்சேன். நாப்பது வீரர்கள் கோவிச்சுக்கிட்டு வேற குரூப் தொடங்கினாவ, சண்டை நின்னு ரெண்டு வாரமாச்சு, அங்க இன்னும் குண்டு போட்டுக்கிட்டு இருக்காவளாம். ஜாஸ்பர் சார் திரும்ப வந்ததும், நாளைக்கு ஒன்பது மணிக்குக் கரண்ட் போவும், தண்ணி பிடிச்சு வச்சிடுங்கன்னு எழுதினாரு.

நாகேந்திரன் உயிரோட இருக்கான். விசாரணை வச்சாவளாம், போனை வாங்கிட்டாவ, யாரோ கூட்டுக்காரன் போன்ல இருந்து ரெண்டு நிமிஷம் பேசினான். வினோஜ் ஏன் இப்படிச் செய்தான்னு மட்டும் கேட்டானாம்.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, அன்னைக்கு உலகம்மையைக் கூப்பிடு. தேசம் கிசம்னு பேசாதே, தப்பு செய்திட்டேன் சித்தின்னு மட்டும் சொல்லு. அவ உன்னை ஏசமாட்டா. மோனே சாப்பிட்டியான்னுதான் கேப்பா. அதைத் தாங்குகதுக்கு மனசை இப்பமே தயார் பண்ணிக்கோ.

அப்பா உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாவ. கண் ஆஸ்பத்திரியில உனக்குச் சொட்டுமருந்து தந்திருந்தாவளே, அதை மறக்காம கண்ணுல விடு. நீ நல்லா இருக்கணும், புத்தியோட இருக்கணும்.

உன்னைப் பெத்த,
பகவதியம்மாள்