மூடிய கை

என் பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, சின்னவள் மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்தபடி போர்த்திக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். மனசு எப்படி இருக்கிறது என்பதைப் போகப்போகச் சொல்கிறேன். போனில் பேசாமல் இவள் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ சிரித்து, என்னையும் சிரிக்க வைத்து, விஷயத்தைப் பூசி மெழுகிவிடுவாய், சின்ன வயதிலிருந்தே உனக்குக் கைவந்த வித்தை அது. காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியாயிற்று. ஒரு வாரம் அதிகம் பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னார், வீடு இத்தனை அமைதியாக இருக்கும் என்று எனக்கு இத்தனை வருஷமும் தெரியாமல் போயிற்று. துணி துவைக்கும் மெஷின் சுற்றும்போது பழையபடி நடந்து குளியலறை வாசலுக்கே வந்துவிடுகிறது, ரிப்பேர் கடை வைத்திருக்கிற உன் அப்பாவுக்கு ஊரார் மெஷினையெல்லாம் பார்க்க நேரம் இருக்கிறது, நம் வீட்டு மெஷினுக்கு மட்டும் இல்லை. கல்லூரிகளுக்கு இடையிலான கூடைப்பந்துக் கோப்பையை நம் கல்லூரிப் பெண்கள் ஜெயித்தது உனக்குத் தெரிந்திருக்கும், சின்னவள் படம் அனுப்பியிருப்பாள். படத்தில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன் பார், அது பஸ் ஏறுவதற்கு முன்னால் எடுத்தது.

நீயும் மூன்று வருஷம் என் அணியில் ஆடியவள், உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் என் கோபம் எனக்கே பிடிபடுகிறது. பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போகிறேன், ஆடுவது ஐந்து பேர். ஒருத்திக்கு இரண்டு நிமிஷம் கூட்டினால் அது இன்னொருத்தியிடமிருந்து பிடுங்கியதுதான், வேறு வழி கிடையாது. பந்தை நடத்துகிறவளை மூன்றாம் பகுதி முடிகிறதற்குக் கொஞ்சம் முன்னாலேயே உட்கார வைத்தால் இடைவேளையும் சேர்ந்து அவளுக்கு ஓய்வு, ஐந்து பவுல் ஆனால் ஆட்டத்தை விட்டே வெளியே என்பதால் மூன்று வாங்கியவளை ஒளித்து வைத்துக் கடைசியில் இறக்க வேண்டும், இரண்டு நெட்டைகளையும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்தால் தொலைந்தோம். இதையெல்லாம் தலையில் ஓட்டிக்கொண்டே பெஞ்சில் இருக்கிறவர்கள் முகத்தைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நிற்பேன், எப்போது மேடம் கூப்பிடுவார் என்று ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவார்கள். எல்லா முடிவும் என்னுடையது, ஒன்றை மட்டும் பிள்ளைகள் கையில் விட்டேன். மூச்சு முட்டினால் கையை மூடித் தலைக்கு மேல் தூக்க வேண்டும். தூக்கினால் அடுத்த விசிலுக்கு வெளியே எடுத்துவிடுவேன், ஏன் என்று கேட்க மாட்டேன், திட்ட மாட்டேன், தெம்பு வந்ததும் அவளே சொல்லிவிட்டுத் திரும்பப் போகலாம். கோட்டுக்கு வெளியே நிற்கிற எனக்கு அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது எப்படித் தெரியும், அதனால் நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் என் அணியே நடந்தது.

இறுதி ஆட்டத்தில் மூன்று நிமிஷம் பாக்கி, நான்கு புள்ளி முன்னால் இருக்கிறோம், சின்னவள் கையைத் தூக்கினாள். அவள் இடத்தில் ஆடக்கூடிய இன்னொருத்தி ஐந்து பவுல் வாங்கி ஏற்கெனவே வெளியே வந்துவிட்டாள். மிச்சம் இருந்தது மின்னல் மட்டும்தான். கடைசி வருஷத்துப் பிள்ளை, ஓட்டத்தில் அத்தனை மெதுவு என்பதால் மற்றவர்கள் வைத்த பெயர், அவளே அதற்குத் திரும்பிப் பார்ப்பாள், ஒரு நாள் பயிற்சிக்குக்கூட வராமல் இருந்ததில்லை. மேடம், நானா, நிஜமாவா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு இறங்கினாள். எதிரணி அவள் பக்கமாகவே புகுந்து புகுந்து வந்தது, நான்கு புள்ளி ஒன்றாகத் தேய்ந்தது, அந்த ஒன்றில் தப்பித்தோம். அந்த நேரம் முழுக்க எனக்கு ஒரு கண் ஆட்டத்தில், ஒரு கண் சின்னவள் மேல். தெம்பு வந்தது என்று அவள் சொல்லவே இல்லை, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள், பிள்ளைக்கு நெஞ்சில் ஏதாவதோ என்று மருந்துப் பெட்டியைக் காலாலேயே என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் எல்லோரும் ஆடிப்பாடிக்கொண்டு வர, நான் குளுக்கோஸ் தண்ணீரைக் கலந்து எடுத்துக்கொண்டு கடைசி சீட்டுக்குப் போனேன். இன்னும் படபடப்பா இருக்கா, நாளைக்கு டாக்டரைப் பார்த்துடலாமா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். எனக்கென்ன, இப்பக்கூட இன்னொரு மேட்ச் ஆடுவேன், மின்னலுக்கு இதுதான் கடைசி மேட்ச், நீ அவளை இறக்கவே மாட்டேன்னு தெரியும், அதான் கையைத் தூக்கினேன் என்றாள். மைதானத்து விஷயம் பேசும்போது என்னை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டும், அதைக்கூட மறந்துவிட்டாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்துப் பயந்து அடுத்ததைச் சொன்னாள். அக்கா பண்ணினதுதானேம்மா, அக்காதான் எனக்குச் சொன்னா, உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன் என்றாள்.

எனக்கு எங்கே தெரியும். உன் கடைசி இறுதி ஆட்டத்தில் நீ கையைத் தூக்கினாய், உன் சிநேகிதியை இறக்கினேன், அவள் கைக்கு வந்த பந்து நழுவிப் போய் இரண்டு புள்ளியில் தோற்றோம். மறுநாள் பிரின்சிபால் அறையில் என்னை நிற்க வைத்தே கேட்டார்கள், நன்றாக ஆடிக்கொண்டிருந்தவளை ஏன் வெளியே எடுத்தீர்கள் என்று. கை தூக்கினாள், எடுத்தேன் என்றேன். உங்க பொண்ணு நடிச்சிருக்கலாமில்ல என்றார் ஒருவர். என் பொண்ணு அப்படிப் பொய் சொல்றவ இல்ல என்று மேஜையைத் தட்டினேன். அந்தத் தட்டலுக்கு ஒரு வருஷம் அணியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, விளையாட்டு விழாவுக்கு நாற்காலி எண்ண வைத்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து நான் அழுதபோது டீ போட்டுக் கொடுத்து, விடும்மா, அவங்களுக்கு என்ன தெரியும் என்று என் முதுகைத் தடவினாயே, அப்போது உன் நாக்கு எங்கே போயிற்று? என் முதுகில் குத்திவிட்டு அதே முதுகைத் தடவியிருக்கிறாய்.

இதில் கூத்து என்னவென்றால், ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள் வரும் முதல் நாள் உன் கதையைத்தான் சொல்வேன். கோப்பை போனாலும் பரவாயில்லை, களைத்துவிட்டேன் என்று உண்மையைச் சொல்லித் தன்னையே வெளியே எடுத்துக்கொண்டாள் என் மகள் என்பேன், கைதட்டுவார்கள். அந்தக் கூட்டத்தில் சின்னவளும் உட்கார்ந்து கைதட்டினாள். இத்தனை நாள் என் காதில் பூ சுற்றிவிட்டு அது வாடாமல் தண்ணீரும் தெளித்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பொரிந்து தள்ளினேன். அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, எனக்கு அப்பவே தெரியும், நீ தாங்க மாட்டேன்னு சொல்லல என்றார். பல் பிடுங்கிய வாய் அந்த வாரத்தில் அதற்குத்தான் திறந்தது. கோப்பை குளிர்பெட்டி மேல் இருக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் ஜெயிச்சாச்சு, அப்புறம் என்ன என்கிறார்கள், அதைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு எரிகிறது.

சிநேகிதியை இறக்கு என்று நீ அன்று என்னிடம் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன், அதில் சந்தேகமே வேண்டாம். நீ கத்தியிருக்கலாம், ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கலாம், கல்நெஞ்சுக்காரி என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கலாம், அது சண்டை, அம்மாவுக்கும் பெண்ணுக்கும் இல்லாத சண்டையா. நீ சண்டை போடவில்லை. நான் கேள்வி கேட்காத ஒரே இடமாகப் பார்த்து அங்கே என்னை ஏமாற்றினாய்.

போன வாரம் பயிற்சியில் ஒன்று நடந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் வருஷத்துப் பிள்ளை, ஒட்டகச்சிவிங்கி என்று கூப்பிடுவார்கள், ஓடிக்கொண்டே கையைத் தூக்கினாள். விசில் என் வாயில்தான் இருந்தது, ஊதவில்லை. நிஜமா நடிப்பா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு சுற்று ஓடினாள், அதற்கும் மேலே ஓடினாள், கூடைக் கம்பத்தடியில் அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். ஓடிப்போய்த் தலையைப் பிடித்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு, கை தூக்கினேனே மேடம், பார்க்கலையா என்று கேட்டாள். பார்க்கலைம்மா என்று சொன்னேன். அந்தப் பிள்ளை அதை அப்படியே நம்பிவிட்டாள்.

அடுத்த மாதம் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள், முதல் நாள் அவர்கள் முன்னால் நான் என்ன சொல்வேன் என்று தெரியவில்லை. உன் மன்னிப்பு எனக்கு வேண்டாம், அதை நீ அழகாகக் கேட்பாய், நானும் உருகிவிடுவேன். ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுது. அன்று நீ களைத்திருந்தாயா, இல்லையா? சின்னவள் சொல்லிவிட்டாள், அப்பா சொல்லிவிட்டார், நீ இன்னும் சொல்லவில்லை. இல்லை என்று எழுதினால் அந்தக் கதையை இன்றோடு விட்டுவிடுவேன். களைத்துத்தான் இருந்தேன் அம்மா என்று எழுதினால் நம்புவேன், மறுபடி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், கை தூக்கியவளைக் கேள்வி கேட்பதில்லை என்பது என் சட்டம், அதை உனக்காகவும் மாற்ற மாட்டேன். அதனால் யோசித்து எழுது.

எங்கே இருந்தாலும் நோய்நொடி அண்டாமல், மனசில் பாரம் இல்லாமல் நீ நீண்ட காலம் வாழ வேண்டும். முட்டிக்கு உறை போடாமல் மாடிப்படி ஏறாதே. பதிலைப் போனில் சொல்லாதே, உன் கையெழுத்தில் வர வேண்டும்.

உன் வார்த்தைக்குக் காத்திருக்கும்
அம்மா