பிரவுன் அட்டைக்குள் லெவல் ஒன்று

காக்ஸ் டவுன்,
ஞாயிறு மதியம்

அன்பானவருக்கு,

மஸ்கட்டில் வெயில் குறைந்ததா? இங்கே நாங்கள் இருவரும் சுகம்.

நம் மெர்லினைப் பள்ளியில் மந்தம் என்றார்கள் என்றுதானே சண்டை போட்டு நிறுத்தினோம். வீட்டிலேயே நான் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கும்முன், எந்த லெவல் புத்தகம் வாங்குவது என்று பார்க்க வைத்த தேர்வில் லெவல் மூன்று வந்ததாக உங்களிடம் சொன்னேன். சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் செய்த நன்மை என்று சாட்சியும் சொன்னேன்.

அது என் விரல் வாங்கிய லெவல். அவள் திணறியபோதெல்லாம் சரியான விடையின் பக்கம் விரலை நகர்த்தினேன். இப்போது எதைக் கேட்டாலும் அவள் புத்தகத்தைப் பார்ப்பதில்லை, என் கையைத்தான் பார்க்கிறாள்.

நேற்று லெவல் ஒன்று புத்தகங்களை வரவழைத்தேன். மேலே பெரிதாக இருந்த ‘1’ தெரியாதபடி பிரவுன் அட்டை போட்டேன். மெர்லின் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இன்று ஆராதனை முடிந்ததும் டோரதி ஆன்ட்டி அவளிடம், “எந்த லெவல் படிக்கிற கண்ணு?” என்று கேட்டார். அவள் என் கையைப் பார்த்தாள். நான் பைபிளை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

“மூணு ஆன்ட்டி.”

ஆட்டோவில் ஏறியதும் என் காதில் கேட்டாள்: “கரெக்டா சொன்னேனா மம்மி?”

நான் தலையாட்டினேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் டீச்சர்