நூற்றுக்குப் பன்னிரண்டு

செப்டம்பர் 3

அன்புள்ள தராசுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் எழுதித்தான் பேச வேண்டும் என்று நீ போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறேன். கையெழுத்தைக் குறை சொல்லாதே. காலையிலிருந்து நாற்று பிடுங்கிய கை.

சேதி இதுதான்: பன்னிரண்டு! சாதாரண அரிசியில் நூற்றுக்கு எட்டுப் பங்கு புரதம் இருந்தாலே பெரிய காரியம். என் பாத்தியில் போன பருவம் விளைந்த புது ரகத்தில் பன்னிரண்டு வந்திருக்கிறது. சிரிப்பதையே செலவாக நினைக்கும் எங்கள் இயக்குநர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். "புது ரகத்துக்கு அனுமதி தர்ற நவம்பர் கமிட்டியில வெச்சிருங்க. பாஸாயிடுச்சுன்னா உங்க வேலை இங்க முடிஞ்சுது. குடும்பத்தோட போய்ச் சேருங்க" என்றார்.

எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை! நம் ஒரே பெண் சின்னவளுக்குப் பால்பல் விழும் முன்பே கிளம்பி வந்தவன் நான். இப்போது அவள் எனக்கே கணக்குச் சொல்லித் தருகிறாள்.

ஒரு பையில் புது நெல்லும், ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்துப் பாத்தியின் பழைய ரகமும் அனுப்பியிருக்கிறேன். உன் பரிசோதனைக் கூடத்தில் ஒரு தடவை பார்த்துச் சொல். ஊரே சரி என்றாலும் நீ சரி என்றால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

உன்
நெல்லுக்காரன்


செப்டம்பர் 14

அன்புள்ள நெல்லுக்காரருக்கு,

இருவரும் நலம். கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை. பார்சலில் இருந்த விலாசத்தைப் படிக்கத் தபால்காரர் பக்கத்து வீட்டில் கண்ணாடி இரவல் வாங்கினார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பன்னிரண்டு சரிதான். அன்று மாலை வீட்டுக்கு ஓடி வந்து சின்னவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். "அப்பா நிஜமா வராரா, இல்ல போன தடவை மாதிரியா?" என்று கேட்டாள். நிஜமாகத்தான் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் மணிகளை எடை போட்டேன். அதை ஏன் செய்தாய் என்று கேட்காதீர்கள், எனக்கு இந்தப் பெயரை வைத்ததே நீங்கள்தான். உங்கள் புது நெல் ஆயிரம் மணியின் எடை, பழைய ரகத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது. ஒரு மணிக்குள் எவ்வளவு புரதம் என்று கணக்குப் போட்டால் இரண்டிலும் ஒரே அளவு. உங்கள் நெல்லில் புரதம் கூடவில்லை, மாவுச்சத்து குறைந்திருக்கிறது. அரை டம்ளர் டீயில் அதே ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டால் தித்திப்பு தூக்கலாகத்தான் இருக்கும். அதற்காகச் சர்க்கரை கூடிவிட்டது என்று சொல்ல முடியுமா? நீங்கள் கண்டுபிடித்திருப்பது புரதம் சேர்க்கும் மரபணு அல்ல. மாவுச்சத்து சேர்க்க வேண்டிய மரபணு ஒன்று பழுதாகி, பாதி வேலையில் உட்கார்ந்துவிட்டது.

இதை எழுதக் கை வரவில்லை. கோபம் வந்தால் எழுதியே திட்டுங்கள்.

உங்கள்
தராசு


செப்டம்பர் 22

தராசுக்கு,

'அன்புள்ள'வை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன்.

போன பருவத்தில் மழை ஏமாற்றிவிட்டது. அதனால் மணி சிறுத்தது. இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் சேற்றில் நிற்கிறேன்?

சரி, நீ சொல்வதே உண்மை என்று வைத்துக்கொள். சாப்பிடுகிறவர் யாராவது மணியை எண்ணிச் சாப்பிடுகிறாரா? தட்டில் போட்டுத்தானே சாப்பிடுகிறார்? என் அரிசியில் ஒரு தட்டு, மற்ற அரிசியில் ஒரு தட்டு வை. எதில் புரதம் அதிகம்? என்னுடையதில். இதில் பொய் எங்கே இருக்கிறது? கமிட்டி கேட்பது நூற்றுக்கு எவ்வளவு என்று மட்டும்தான். மணியின் எடையை யாரும் கேட்கவில்லை, உன்னைத் தவிர.

ஒன்று கேட்கிறேன், மனதைத் தொட்டுச் சொல். நான் வீட்டுக்கு வருவதில் உனக்கு விருப்பம்தானா?

நெல்லுக்காரன்


அக்டோபர் 1

அன்புள்ள நெல்லுக்காரருக்கு,

நான் 'அன்புள்ள'வை விடவில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். அதைப் படித்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எட்டிப் பார்க்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? நீங்கள் வர வேண்டும். அதில் எனக்கு ஒரு நாளும் இரண்டாவது எண்ணம் இருந்ததில்லை.

தட்டுக் கேள்வி நல்ல கேள்வி. அரை நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தட்டு நிறையும், ஆனால் மூட்டை நிறையாது. மூன்று மூட்டை விளைந்த இடத்தில் பயிரிடுகிறவருக்கு இரண்டுதான் கிடைக்கும். அந்த இரண்டிலும் சேர்த்துப் புரதம் பழைய அளவே இருக்கும். முதல் அறுவடை முடிந்ததும் உங்களைத் திட்டிக்கொண்டே பழைய ரகத்துக்குத் திரும்பிவிடுவார்கள். மழை மேல் பழி போடுகிறீர்கள். பக்கத்துப் பாத்தியிலும் அதே மழைதானே பெய்தது? அந்த நெல் மட்டும் எப்படிக் கொழுத்தது?

நான் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். முடிவு உங்களுடையது. ஆனால் இந்தப் பன்னிரண்டைச் சொல்லி நீங்கள் வீடு வந்து சேர்ந்தால், ஒவ்வொரு வேளையும் அது நம்மோடு சாப்பிட உட்காரும். நம் வீட்டு மேசை மூன்று பேருக்குத்தான் காணும்.

உங்கள்
தராசு


நவம்பர் 5

அன்புள்ள தராசுக்கு,

கமிட்டிக்குக் கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டேன். "வீட்டுல ஏதாவது சண்டையா?" என்று கேட்டார் இயக்குநர். "சண்டையில்லை சார், கணக்கு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எடையை எடுத்துக் காட்டிய பிறகு புரிந்தது, முகம் சுருங்கிவிட்டது. அதே மழையில் கொழுத்த பழைய ரகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. நீ சொன்னது சரி.

இந்த ஆராய்ச்சியை மூடப்போகிறார்கள். "கையில உருப்படியா வேற ஏதாவது இருந்தா சொல்லுங்க, நீட்டிக்கலாம். இல்லேன்னா உங்க வீட்டுப் பக்கமே ஒரு நாற்காலி வேலை இருக்கு, போயிடுங்க" என்றார். பெட்டியைக் கட்டிவிட்டேன்.

பாத்தியைக் காலி செய்யும்போதுதான் அவை கண்ணில் பட்டன. நோய் என்று நினைத்து நான் ஒதுக்கிவைத்த செடிகள். மற்றவற்றுக்கு முன்பே இலை மஞ்சளாகிவிடுகிறது. வரப்போரமாக நின்றிருந்தால் தண்ணீர் எட்டாமல் பழுத்திருக்கும் என்று விட்டுவிடலாம். இவை நடுப்பாத்தியில் நின்றவை, ஒரே தாய்ச்செடியின் பிள்ளைகள். இலையில் உள்ள தழைச்சத்தையெல்லாம் சீக்கிரமே மணிக்கு அனுப்பி, அங்கே புரதமாகச் சேர்க்கின்றனவோ என்று ஒரு சந்தேகம். உண்மையானால் இன்னும் மூன்று நான்கு வருஷம் இங்கேயே கிடக்க வேண்டியிருக்கும்.

அவற்றின் நெல்லை, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ரகத்தோடு அனுப்பியிருக்கிறேன். ஒன்றுமில்லை என்று நீ ஒரு வரி எழுதினால் மறுநாளே பஸ் ஏறிவிடுவேன். மறைக்காமல் சொல்கிறேன், ஒன்றுமில்லை என்று வந்தால் தேவலை என்றே இருக்கிறது. எனக்கு அலுத்துவிட்டது. உன் எண் எதுவோ அதுதான் என் முடிவு.

உன்
நெல்லுக்காரன்


நவம்பர் 17

அன்புள்ள நெல்லுக்காரருக்கு,

இந்தத் தடவை முதலில் எடை போட்டேன். பழைய ரகத்துக்குக் கொஞ்சமும் குறையவில்லை. அதோடு பையைக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, "ஒன்றுமில்லை, கிளம்பி வாருங்கள்" என்று எழுதிவிடலாமா என்று நினைத்தேன். நினைத்தது நிஜம். யாருக்குத் தெரியப் போகிறது? உங்களுக்கேகூடத் தெரியாது.

பிறகு புரதம் பார்த்தேன். பத்தரை. மெஷின் கோளாறாக இருக்கும் என்று மறுபடி பார்த்தேன். குறையட்டும், குறையட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே மூன்றாவது தடவையும் பார்த்தேன். என் வேலையில் இதற்கு முன் ஒரு நாளும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை. பத்தரைதான். முழு எடையோடு பத்தரை. நீங்கள் நோய் என்று ஒதுக்கிய மஞ்சள் இலைகள் மணிக்குக் கொடுத்தது அது.

சின்னவளிடம் நானே சொன்னேன். காலண்டரை எடுத்துப் புரட்டினாள். அப்புறம், "லீவுக்கு நாமதான் போகணும்போல. அப்பாவால வயலைத் தூக்கிட்டு வர முடியாதுல்ல" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். லீவு விட்டதும் இருவரும் வருகிறோம். வேலையை விட்டுவிட்டு நிரந்தரமாக வந்துவிடுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். அடுத்த வருஷ நெல்லுக்கும் அதற்கடுத்த வருஷ நெல்லுக்கும் எண் சொல்ல நான் இங்கே இருந்தாக வேண்டும்.

பெட்டியைப் பிரித்துத் துணியை அலமாரியில் வையுங்கள். இந்தக் கடிதத்தோடு அறிக்கையும் இருக்கிறது, இயக்குநரிடம் கொடுங்கள். எடையும் எழுதியிருக்கிறேன், கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.

எனக்கு நீங்கள் வேண்டும். இப்போது வராதீர்கள்.

உங்கள்
தராசு