காலுறை வேண்டாம்

பாடாங் செராய்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள லோகேஸ்வரிக்கு,

அண்ணி பிரேமாவதி எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நீ என் எண்ணைத் தடுத்துவிட்டதால் இது தபாலில் வருகிறது. உன் அண்ணன் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறார். நாள் முழுக்க நின்று செய்கிற வேலையை இனி அவரால் பார்க்க முடியாது என்று கூலிம் தொழிற்சாலையில் நிறுத்திவிட்டார்கள்.

உன் மகள் அன்பரசியின் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. அழகாக அச்சடித்திருக்கிறாய். தகப்பன் இல்லாத பிள்ளை, தாய்மாமன்தான் அத்தையோடு மணையில் உட்கார்ந்து தாரைவார்க்க வேண்டும் என்று நீதான் முன்பு கேட்டாய். இப்போது உன் மகன் யோகேந்திரனிடம் வேறு சொல்லி அனுப்பியிருக்கிறாய். பாதபூஜைக்கு அண்ணன் காலுறை போட்டுக்கொள்ளட்டும், தண்ணீர் விடாமல் பூ மட்டும் போட்டால் போதும், மண்டபத்தில் பார்க்க நன்றாக இருக்காது என்று.

அதற்கான பதில்தான் இந்தக் கடிதம்.

அவர் காலில் சர்க்கரைப் புண் வந்து டாக்டர் ஆண்டிபயாடிக் கொடுத்தார். அது வயிற்றைக் கலக்கியது. நீ மெர்கோங்கிலிருந்து, நீ விற்கிற புரோபயாடிக் பாக்கெட்டுகளோடு வந்தாய். என் சமையலறையில் நின்று நீ சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது: "அண்ணே, அந்த மாத்திரதான் வயித்தக் கெடுக்குது, நிப்பாட்டுங்க லா. இதுல இருக்கிறது நல்ல கிருமி. புண்ணையும் இதே பாத்துக்கும்."

அவர் நிறுத்தினார். வயிறு அடங்கியது. மாத்திரையை விட்டதால் அடங்கியது. பெயர் உன் பாக்கெட்டுக்குப் போனது. நீ அவரைச் சிரித்துப் பேசவைத்துக் கைப்பேசியில் பிடித்தாய். புண் உள்ளே போய்க்கொண்டிருந்தது. மூன்று கால்விரல்களை வெட்டியெடுத்தபின் அவர் வார்டில் கிடந்தபோதும் அந்தக் காணொளி உன் வாடிக்கையாளர் குழுவில் ஓடியது. கீழே நீ எழுதியிருந்தாய், என் சொந்த அண்ணன் என்று.

பிறகு மருந்தாளரிடம் கேட்டேன். மாத்திரையை விடாமல் போட்டு, ஒரு இரண்டு மணி நேரம் கழித்து அந்தப் பாக்கெட்டைக் குடித்திருந்தால் வயிற்றுப்போக்கு ஓரளவு குறைந்திருக்கலாம் என்றார். ஆகவே பாக்கெட்டின்மேல் எனக்குக் கோபமில்லை.

உன் அண்ணன் காலுறைக்குச் சம்மதித்துவிட்டார். "தங்கச்சி முகம் வாடக்கூடாது, விட்டுடு" என்கிறார். நான் விடவில்லை. மணையில் அவர் பக்கத்தில் உட்காரப்போவது நான். தாம்பாளத்தில் கால் வைக்கும்போது காலுறையைக் கழற்றப்போவதும் நான்தான். உன்னிடம் பாக்கெட் வாங்குகிறவர்களையெல்லாம் அழைத்திருக்கிறாயாம். நல்லது, முன்வரிசையில் உட்காரவை. முகத்தைப் பார்த்தவர்கள் காலையும் பார்க்கட்டும். கேட்கிறவர்களுக்கு நடந்ததைச் சொல்வேன், கூட்டாமல் குறைக்காமல். வேறு ஆளை மணையில் உட்காரவைக்கலாம் என்று நினைக்காதே. தாய்மாமன் எங்கே என்று அதே முன்வரிசை கேட்கும்.

அன்பரசியிடம் ஒன்று சொல்லிவை. தோல் இப்போதுதான் மூடியிருக்கிறது; தண்ணீரை மெதுவாக ஊற்றட்டும். அந்தப் பிள்ளைமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் நிறைவாக வாழட்டும். அவள் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு வந்தால், நீ போய்ச் சேர்வதற்குள் அவர்கள் டாக்டரைப் பார்த்திருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றி வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணி
பிரேமாவதி