ஏழாவது வகுத்தல்

தஞ்சாவூர்
2.3.2025

அன்புள்ள வானதி,

சுகமா? மூன்றாம் வகுப்பையும் உன் தலையில் கட்டிவிட்டார்களாமே!

31, 331, 3331 என்று முன்னால் ஒவ்வொரு மூன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்தோமே, எட்டு இலக்கம் வரை எல்லாமே பகா எண். அடுத்தது 33,33,33,331. ஆகஸ்டில் கணித ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வழக்கம்போல நீ வகுத்துச் சொல்லேன். இரண்டாயிரத்துக்கு மேல் வகுத்தல் வரும். காலேஜில் பேசிவைத்தபடி கையால்தான், கம்ப்யூட்டர் கூடாது.

உன்
மதி

திருக்காட்டுப்பள்ளி
20.7.2025

அன்பு மதி,

ஆற்றில் தண்ணீர் வந்து எங்கள் நடவு முடிந்தது. பேப்பரில் வந்த உன் படத்தை இவர் வெட்டி பீரோவில் ஒட்டிவைத்திருக்கிறார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் என் படம் ரேஷன் கார்டில் மட்டும்தான். மேடையில் நீ, நோட்டில் நான். காலேஜிலிருந்தே அப்படித்தானே, இருக்கட்டும்.

வகுத்தாகிவிட்டது. எதிலும் போகவில்லை, பகா எண்தான். தைரியமாகப் பேசு. மயில்கழுத்துப் புடவை கட்டிக்கொள், உனக்கு எடுப்பாக இருக்கும்.

உன்
வானதி

தஞ்சாவூர்
10.8.2025

அன்புள்ள வானதி,

நேற்று பேசினேன். பாதியில் தர்ஷினி என்றொரு கல்லூரிப் பெண் எழுந்து, "மேடம், பதினேழால போகுதுங்களே" என்றாள். போர்டில் போட்டும் காட்டினாள். கூட்டமே சிரித்தது. தப்பு என்னுடையது என்று சொல்லி இறங்கிவிட்டேன். உன் பெயரை இழுக்கவில்லை.

நீ சொன்னாய் என்று நான் ஒரு வகுத்தல்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. இப்போது உன்னை நினைத்துத்தான் கவலை. பதினேழில் கோட்டைவிடுகிறவளா நீ? கண்ணில் ஏதாவது கோளாறா? கிளம்பி வா, டாக்டரிடம் காட்டலாம்.

உன்
மதி

திருக்காட்டுப்பள்ளி
17.8.2025

மதி,

கண் நன்றாக இருக்கிறது. மார்ச்சில் உன் கடிதம் வந்த அன்றே உட்கார்ந்தேன். 2, 3, 5, 7, 11, 13 எல்லாம் ஆகி, ஏழாவது வகுத்தல் பதினேழு. மீதியில்லாமல் போய்விட்டது. நோட்டை மூடி வைத்துவிட்டு நாலு மாதம் வகுப்பதாக நடித்தேன்.

பொறாமைடி. வகுப்பது நான், கைதட்டல் உனக்கு. என் வீட்டு பீரோவிலும் நீயே சிரிக்கிறாய். ஒரே ஒரு தடவை நீ நாலு பேர் முன்னால் முழிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முழித்தாய். அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று படித்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திட்டி எழுது. எத்தனை பக்கமானாலும் படிக்கிறேன்.

வானதி

தஞ்சாவூர்
2.9.2025

அன்புள்ள வானதி,

திட்ட வரவில்லை. இத்தனை வருஷத்தில் எந்த மேடையிலும், வகுத்தது வானதி என்று நான் சொன்னதில்லை. அது என் தப்பு, மறுக்கவில்லை. கோபம்கூட ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

நேற்று பத்து இலக்க எண்ணை ஒரு தாளில் எழுதி, உறையில் உன் விலாசமும் எழுதினேன். ஒட்டப் போகும்போது ஒன்று தெரிந்தது. இனி நீ என்ன விடை எழுதினாலும் நான் மறுபடி வகுத்துப் பார்ப்பேன். அதனால் உனக்கு அனுப்பவில்லை, நானே ஆரம்பித்துவிட்டேன்.

மதிவதனி