உறைந்த கையுறை

நவம்பர் 4, நரின் நகரம்

காலையிலிருந்தே பனி. என் மனைவி சைராவுக்கு இன்று முதல் தடவையாகப் புற்றுநோய் மருந்து ஏறியது. இந்த மருந்தால் உள்ளங்கையும் உள்ளங்காலும் வெந்து உரியலாம், நகம் கெடலாம். அதைத் தடுக்க, மருந்து ஏறி முடியும்வரை உறையவைத்த கையுறையும் காலுறையும் போட்டிருக்க வேண்டும். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கும், மருந்து அங்கே குறைவாகப் போகும். டாக்டர் நஸ்கூல் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது.

நர்ஸ் அகன்றதும் சைராவின் அக்கா கூல்பாரா எழுந்தார்.

"நோயாளி கால்ல பனிக்கட்டியா? வானிலை நிலையத்துல ஆயுசு பூரா குளிரை அளந்தீங்களே மாப்பிள்ளை, கால் வழியா ஏறுற குளிரை அளக்கலையா?"

எல்லாவற்றையும் உருவிவிட்டு ஒட்டக ரோமக் காலுறையை மாட்டினார். சைரா இதமாகக் கண்ணை மூடிக்கொண்டாள். நரைத்த பிறகும் அந்த வீட்டுக்கு நான் மாப்பிள்ளை. மாப்பிள்ளை எதிர்த்துப் பேசுவதில்லை.

மருந்து முடியும் நேரத்தில் அக்காவே உறைந்த உறைகளைப் பழையபடி மாட்டிவிட்டார். "கழட்டாம வச்சிருந்தீங்களா?" என்றாள் நர்ஸ். ஆமாம் என்றேன். ஏன் சொன்னேன்?

நவம்பர் 11

உள்ளங்கை சிவந்திருக்கிறது. அக்கா ஆட்டுவால் கொழுப்பைச் சூடாக்கி அழுத்தித் தேய்த்தார். சூடு கூடாது, தேய்க்கவும் கூடாது — தெரியும். தேநீர் போடுகிற சாக்கில் அடுப்படியிலேயே நின்றேன்.

நவம்பர் 13

கொப்புளம். கிண்ணத்தைப் பிடிக்க முடியவில்லை அவளால்.

நவம்பர் 25

டாக்டர் சைராவின் கைகளைப் பார்த்துச் சோர்ந்துபோனார். "குளிர் வச்சும் இப்படின்னா உடம்பு தாங்கல. புண் ஆறட்டும், அப்புறம் மருந்தைக் குறைச்சுதான் கொடுக்கணும். கட்டி அதுக்குக் கேக்குமான்னு தெரியல."

என்னுடைய ஓர் 'ஆமாம்' அவள் மருந்தைப் பறிக்கிறது. வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

நவம்பர் 26

தனியாகப் போய்ச் சொல்லிவிட்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நேத்தே சொல்லியிருக்கலாமே, பெரியவரே." பிறகு, "சரி, ஆறட்டும். குறைக்காமலே கொடுத்துப் பாப்போம். குளிரோட."

டிசம்பர் 2

நகங்கள் கறுத்துவிட்டன. அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, மருத்துவமனைக்கு வர வேண்டாம் என்றேன். "என்ன மாப்பிள்ளை, சத்தமாப் பேசுங்க!" திரும்பவும் சொன்னேன். வைத்துவிட்டார்.

டிசம்பர் 9

மருந்து ஏறுகிறது. பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"கழட்டுங்க, கிழவரே. விறைச்சே செத்துருவேன்."

"மாட்டேன்."

கம்பளியை அவள் கழுத்துவரை போர்த்தி, கையையும் காலையும் மட்டும் வெளியே விட்டேன். பல் நடுங்கத் திட்டினாள். பிறகு என்னையே பார்த்தாள்.

"இந்த வார்த்தை அன்னைக்கு எங்க போச்சு?"

கம்பளியைச் சரிசெய்தேன். பையில் இன்னும் பாதி மருந்து இருக்கிறது.